ஏழாம் எண்ணின் நிமிடங்கள்

டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் முதியோரை வீடு தேடிப்போய்ப் பராமரிக்கும் அலுவலகம். இந்த வெள்ளிக்கிழமை காலை ரொட்டி வாங்கிவரும் முறை போடிலுடையது. அவள் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்க, சுவர்த்திரையில் பணியாளர்கள் முதியோர் வீடுகளில் இருக்கும் நிமிடங்கள், பெயருக்குப் பதில் எண்ணோடு, பச்சைப் பட்டைகளாக எழுகின்றன. ஏழாம் எண் மட்டும் சிவப்பாக நீண்டு நிற்கிறது. "இந்த ஏழு, கிழவர் வீட்டுலயே குடித்தனம் பண்ணுது போல!" என்கிறார் மேலாளர் ப்ரெபென். வாய் நிறைய ரொட்டியோடு எல்லோரும் சிரிக்கிறார்கள். "அது நான்தான். ஓலுஃபுக்குக் கை நடுங்கும், சூப் ஊட்டணும்," என்கிறாள் போடில். "அடடே, நீயா! ரொட்டி பிரமாதம். ஆனா படத்துல சூப் எங்கயும் இல்லையே. திங்கள்லருந்து அவருக்குப் பத்து நிமிஷம் போதும்." அவர் பொத்தானை அழுத்துகிறார், பட்டை சுருங்கிப் பச்சையாகிறது. யாரோ கைதட்டுகிறார்கள். போடிலின் கை நடுங்குகிறது. பக்கத்திலிருக்கும் கெர்டா அவளிடமிருந்து கத்தியை வாங்கி, மீதி ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவுகிறாள்.