சம்பந்தியின் வாக்குமூலம்

"சத்தியமா எனக்கு அந்தப் பழக்கம் இல்ல சிஸ்டர்!"

நர்ஸ் பிரிஜாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காலையிலிருந்து இந்த வார்டில் அவள் கேட்ட ஆண்களில் ஒருவர்கூட பீடியைக் கண்ணால் பார்த்ததில்லையாம். கருங்கல் ஊர்ச் சந்தையில் விற்கிற பீடியையெல்லாம் பின்னே யார்தான் வலிக்கிறார்களோ!

வருடக்கணக்காகப் பீடி வலித்தவர்களுக்கு, எந்த நோய்க்காகப் படுத்திருந்தாலும், அந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஸ்கேன் இலவசம். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ரசலையன் அன்று வீட்டுக்குப் போகிறார். உதடு கறுத்து, விரல் நுனி மஞ்சளித்துக் கிடக்கிற மனிதர், இல்லவே இல்லை என்று சாதிக்கிறார்.

"மாமா, நுரையீரல்ல கட்டி சின்னதா இருக்கும்போ கண்டுபிடிச்சா காப்பாத்தலாம். ரத்தமா துப்புன பொறவு வந்தா நாங்க என்ன செய்ய?"

"இல்லாத பழக்கத்த உண்டுன்னு சொல்லச் சொல்லுதியா?"

அவர் மனைவி பூங்கனி பிரிஜாவை ஓரமாக இழுத்துப் போனாள்.

"மெதுவா பேசு மக்கா. எங்க மக பெமிலாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. மாப்பிள்ளைக்க அப்பா இப்ப பாக்க வருவாரு. சர்ச்சு சபையில பெரிய ஆளாக்கும். பீடின்னு கேட்டாலே இந்த சம்பந்தம் வேண்டாம்னு போயிருவாரு."

"சம்பந்தம் பெருசா, உயிரு பெருசா?"

பூங்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் வெள்ளை வேட்டி சட்டையில் அந்தச் சம்பந்தியே வந்து நின்றார். ஞானையன்.

"என்ன சிஸ்டர், ஒரே சத்தமா இருக்கு?"

பிரிஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பீடி வலிக்கவங்களுக்கு ஸ்கேன் எடுக்கோம். இந்த வார்டுல எல்லாரும் தேவதூதராக்கும்!"

ரசலையன் விரல்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஞானையன் அந்தப் போர்வையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெளியாளுக்கும் எடுப்பீங்களா சிஸ்டர்? நானும் சின்ன வயசிலேருந்து வலிக்கேன். சபையில ஒருத்தருக்கும் தெரியாது."

ரசலையன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சம்பந்தி, நீங்களுமா?"

அப்புறமென்ன, அவரே முந்திக்கொண்டார். "முதல்ல எனக்கு எடுங்க சிஸ்டர்!"

பிரிஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேஷதாரிக்குப் பயந்தா ஒரு குடும்பமே நடுங்கியது?

ரசலையனைச் சக்கர நாற்காலியில் ஸ்கேன் அறைக்குள் விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"அடுத்தது நீங்கதான். எங்கயும் போயிராதீங்க" என்றாள் வெடுக்கென்று.

கதவு நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார் ஞானையன்.

"எனக்கு வேண்டாம் மக்கா. நான் பீடியத் தொட்டதே இல்ல. பெண்ணு பாக்கப் போன அன்னைக்கே அவருகிட்ட பீடி மணம் அடிச்சுது. எனக்குப் பயந்து ஒரு மனுசன் சாகப்பிடாதுல்லா?"