கோட்டு போட்ட குடும்பம்

மகன் ராஹிலோடு பெண் கேட்டு வந்திருந்த மைமூன் துணிப்பையிலிருந்து படத்தை எடுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, டீப்பாய் மேல் வைத்தாள்.

"இது எங்க மாமா. ராஹிலோட வாப்பாவைப் பெத்தவுக. இன்னைக்குத்தான் நாங்க பழைய சாமான் வாங்குற பங்கார் கடை. அவுக இருந்த இருப்பைப் பாருங்க."

ஹமீது மரியாதைக்குப் பார்ப்பதாகத்தான் இருந்தார். என்ன சொல்வது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிட்டார்.

"ஏளா, வாரவுகளுக்குச் சாயாவும் சமோசாவும் குடு. பழைய சாமான் எடுக்குற வீட்டுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். நாம கோட்டு போட்ட குடும்பம்" என்று மகள் சாயிமாவிடம் சொல்லியிருந்தார்.

கோட்டு போட்டவர் ஹமீதின் வாப்பா. பம்பாய்க்கு வந்த புதிதில் எடுத்த படம். பிரம்பு நாற்காலியில், கோட்டோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தாராவியில் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே கோட்டின் பெருமையைக் கேட்டாக வேண்டும்.

சாயிமா தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

அவளுக்குப் பழைய ஸ்டுடியோ படங்கள் என்றால் உயிர். பங்கார் கடைகளில் சட்டத்தையும் கண்ணாடியையும் தனித்தனியே பிரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மனிதரைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அப்படி எறியப்பட்டவர்களைத் தேடிப் போனபோதுதான் ராஹிலைப் பார்த்தாள். அவன் இதுவரை அவளுக்கு ஒரு பூ வாங்கித் தந்ததில்லை. யாருடைய தாத்தாவையாவது தூசி தட்டி, சட்டைப் பையில் மடங்காமல் கொண்டு வந்து தருவான்.

ஹமீது சாயாக் கோப்பையோடு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போய், சுவரில் இருந்த வாப்பாவை ஆணியிலிருந்து எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

அதே கோட்டு.

மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் சிறியது, வேறு நிறம். மார்புப் பையின் ஓரத்தில் தையல் கோணிப்போய், மறுபடி ஓட்டியிருந்தது. ஹமீது வாழ்நாளெல்லாம் தோல்பை தைத்தவர். முகத்தை மறப்பார், தையலை மறக்க மாட்டார்.

ஹமீதின் யோசனை எந்தப் பக்கம் திரும்பும் என்று சாயிமாவுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் திரும்பினால் நிக்காஹ். மறுபக்கம் திரும்பினால் ராஹில் இனி இந்த வீட்டுப் படி ஏற முடியாது.

"இது எங்க வாப்பா கோட்டுல்லா?"

"அதெப்படி? எங்க மாமா கோட்டு. தோள்பட்டை எப்படிப் பொருந்தியிருக்கு பாருங்க" என்றாள் மைமூன்.

"எங்க வாப்பாவுக்கு மட்டும் தொங்குதாக்கும்?"

ராஹில் மின்விசிறியைப் பார்த்து இருமினான்.

ஹமீது இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் இளகியது.

"அப்போ ஒரே கோட்டை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுருக்காவ. போட்டிருந்ததைக் கழட்டிக் குடுக்கணும்னா, எப்பேர்ப்பட்ட சிநேகிதமா இருந்துருக்கணும்."

"கழட்டிக் குடுத்தது யாருன்னுதான் கேக்கேன்." மைமூன் விடுவதாக இல்லை.

"யாரு குடுத்தா என்ன, மைனி?"

வந்ததிலிருந்து அவளை முறை சொல்லி அழைக்காத மனிதர் மைனி என்றதும், அடுப்படியில் சாயிமாவின் உம்மா கரண்டியைக் கீழே போட்டாள்.

ஹமீது மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, நீதான பழைய போட்டோ பைத்தியம். நீ சொல்லு, கோட்டு யாருது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேருக்குமே அளவு சரியாத்தான் இருக்கு, வாப்பா."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

மைமூன் எழுந்து வந்து அவள் வாயில் சீனி போட்டாள். நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேச்சு ஓட ஆரம்பித்தது. இரண்டு படங்களையும் ஒரே ஆணியில் மாட்ட முடியுமா என்று ஹமீது சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவப் போகிறவன்போல ராஹில் சாயிமா பக்கம் வந்தான். "பீரோ பூட்டியிருக்குல்லா?"

பூட்டித்தான் இருந்தது.

உள்ளே ஒரு கட்டுப் படங்கள். ஓட்டல் சப்ளையர், பயில்வான், மீசை முளைக்காத பையன், மாலையும் கழுத்துமாக ஒரு புதுமாப்பிள்ளை. அத்தனை பேர் மார்பிலும் அதே கோட்டு, அதே மூன்றாவது பொத்தான். அட்டைகளின் பின்னால் ஒரே முத்திரை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எப்போதோ மூடிப்போன ஒரு ஸ்டுடியோ.

நன்றாக இருக்கிறோம் என்று ஊருக்குக் காட்ட, புதிதாக வந்தவர்கள் அங்கே போய்ப் படம் பிடித்துக்கொண்டார்கள். கோட்டு ஸ்டுடியோக்காரருடையது. முதுகைப் பிளந்து நாடா வைத்திருந்ததால் யாருக்கும் பொருந்தும். பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தில் அந்த நாடாகூடத் தெரிந்தது.

ராஹில் வீட்டுப் படத்தை இன்று கட்டாயம் கொண்டு வரச் சொன்னதே சாயிமாதான்.

அந்தக் கட்டிலிருந்து ஒரு படத்தை மட்டும் எடுத்துத் தனிக் கவரில் போட்டு வைத்திருந்தாள். நெற்றி நிறையத் திருநீறும் அந்தக் கோட்டுமாக நிற்பவர். பக்கத்துப் பட்டறை சொரிமுத்து அண்ணாச்சியை அப்படியே உரித்து வைத்த முகம். அவருடைய தகப்பனாராகத்தான் இருக்க வேண்டும். நடுச்சுவர்த் தகராறில் வாப்பாவும் அண்ணாச்சியும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

நிக்காஹ்வுக்கு அவரையும் அழைக்க வேண்டுமே.