இரண்டாவது கால்குலேட்டர்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பானு மகளின் போனைச் சார்ஜரிலிருந்து உருவினாள்.

ஞாயிற்றுக்கிழமைக் குளியல். லாஸ்யா தலையை அலசி முடிக்க எப்படியும் இருபது நிமிஷம் ஆகும்.

போனைத் திறப்பதில் சிரமமில்லை. அதன் பூட்டு அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சிக்கல் உள்ளே இருந்தது. ஒரே போனில் இரண்டு கால்குலேட்டர்.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு எதற்கு இரண்டு? அப்படி என்ன கணக்குப் போட்டுக் கிழிக்கிறாள்? போன பரீட்சையில் கணக்கில்தானே கோட்டை விட்டாள்!

மாடி வீட்டு வித்யாலட்சுமிதான் விஷயத்தைச் சொன்னவள்.

“அதுல ஒண்ணு கால்குலேட்டரே இல்ல பானு, பூட்டு. நம்பர் போட்டா உள்ள திறக்கும். எங்க பையன் சந்தீப் அதுலதான் எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சிருந்தான்.”

எல்லாத்தையும் என்றால் எதையெதை என்று பானு கேட்கவில்லை. கேட்காததால் உலகத்தில் உள்ள அத்தனை அசிங்கமும் அவள் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பயம் வராதா பின்னே? இரண்டு மாதமாக அந்தப் பெண் வாய் திறந்து பேசுவதில்லை. ஹவ், நக்கோ. ஆமாம், வேண்டாம். இந்த ஹைதராபாத் ஊர்ப்பேச்சில் இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு நாளை ஓட்டினாள். அம்மா கை பட்டால் நகர்ந்துகொண்டாள். எவன் அவன்? என்ன படம் அனுப்பச் சொல்கிறான்? மிரட்டுகிறானா? பானுவுக்குச் சோறு இறங்கவில்லை.

எண்ணைத் தெரிந்துகொண்ட விதத்தை வெளியே சொல்ல முடியாது. குகட்பள்ளியில் மெட்ரோ ஏறி, மகளின் தோளில் சாய்ந்து தூங்குவதுபோல் நடித்து, அவள் அதைத் திறக்கும்போது அரைக்கண்ணால் நான்கு எண்களையும் பார்த்துவைத்தாள். அம்மா தூக்கம் கலைந்துவிடக் கூடாதென்று லாஸ்யா அமீர்பேட்டை வரைக்கும் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பெற்றவள் செய்கிற காரியமா இது என்று அன்றைக்கே உறுத்தியது. உறுத்தலோடுதான் இன்றைக்கும் எண்ணை அழுத்தினாள்.

திறந்தது.

உள்ளே எவனும் இல்லை.

நோட்டுப் புத்தகப் பக்கங்களைப் படம் பிடித்து வைத்திருந்தாள். கோடு போட்ட தாளில் அ, ஆ, இ, ஈ. தப்பாகச் சுழித்து, அடித்து, மறுபடி எழுதிய எழுத்துகள். பக்கம் பக்கமாக. அம்மா. ஆடு. இலை.

பானுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடி என் தங்கமே, தமிழா படிக்கிறாய்? இதற்கா இத்தனை பூட்டு?

அந்த வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் படிக்கத் தெரிந்தவள் பானு ஒருத்திதான். அரக்கோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் முரளி சனத்நகரில் பிறந்து தெலுங்கில் படித்தவன். லாஸ்யாவுக்குக் காதால் கேட்டால் புரியும், எழுத்து என்றால் கோலம் மாதிரிதான். அதனாலேயே பானு தன் போனுக்குப் பூட்டே போட்டதில்லை. ஊரிலிருக்கும் அக்காவுக்கு மனசில் உள்ளதையெல்லாம் தமிழில் எழுதித் தள்ளுவாள். யார் படிக்கப்போகிறார்கள்?

மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

எல்லாவற்றுக்கும் முதலில், அ, ஆவுக்கும் முன்னால், ஒரு படம் இருந்தது. பானுவின் போன் திரையைப் படம் பிடித்தது. லாஸ்யாவின் மார்க் ஷீட்டை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே பானு எழுதிய ஒரு வரி.

நான்கு மாதத்துக்கு முந்திய தேதி. மார்க்கைப் பார்த்துவிட்டு முரளி, பெண்ணை வளர்த்த லட்சணம் என்று பானுவைத்தான் பிடித்துக் கத்தினான். அழுதுகொண்டே எழுதினாள். எழுதியதும் ஆத்திரம் அடங்கிவிட்டது. மறுநாள் இட்லி ஊற்றும்போது அது அவள் ஞாபகத்திலேயே இல்லை.

அடுத்தது, அந்த வரியை மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டுப் பார்த்த படம். பேச்சுத் தமிழ் அதற்கு எங்கே புரியும்? வயிறு, கலவை என்று எதையோ உளறி வைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் அ, ஆ.

திருடனுக்குத் தேள் கொட்டின கதை. யாரைக் கூப்பிட்டு அழுவது?

கடைசியில், இரண்டு மாதத்துக்கு முந்திய தேதியில் ஒரு ஒலிப்பதிவு இருந்தது. தொடாமல் விட்டிருக்கலாம். தொட்டாள்.

மகளின் குரல். வாய்விட்டுப் படித்துப் பழகுகிறாள்.

“இ… வ… ள… இவள. அன்… னிக்… கே… அன்னிக்கே. வ… யித்… து… ல… யே…”

ஒவ்வொரு வார்த்தையும் கூடிவரும்போது குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

“க… லைச்… சி… ருக்… க… லாம்.”

படித்தால் புரியாது, கேட்டால்தானே புரியும் அவளுக்கு. எழுத்துகளைச் சேர்த்து ஒருமுறை முழுதாகச் சொன்னாள்.

“கலைச்சிருக்கலாம்.”

பிறகு பதிவில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்துவிட்டது என்று பானு நினைத்தாள்.

முடியவில்லை. தப்பாகப் படித்துவிட்டோம் என்று லாஸ்யா நினைத்துக்கொண்டாள்போல. மறுபடியும் முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.