பான்கேக் வெர்னெல்

"ஒருத்தன் உன்னைச் சாய்ச்சு, உன் மேலயே ஏறி ஓடியிருக்கான். உன் பேரை எப்படிப்பா மைதானச் சுவத்துல போடறது?"

பிக்கெட் இப்படிக் கேட்டதும் ஓட்டலே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பாதி ஊர் அங்கேதான் இருந்தது.

வெர்னெல் சிரிக்கவில்லை. கழுத்தில் புது டை. ஒன்பது சீசன் தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பாலில் லைன்பேக்கராக இருந்தவன். கையில் பந்தோடு ஓடி வருகிறவனை மோதிச் சாய்ப்பதுதான் லைன்பேக்கருக்கு வேலை. எங்கள் அலபாமா ஊரிலிருந்து அந்த உயரத்துக்குப் போன ஒரே ஆள். படித்த பள்ளியின் மைதானச் சுவரில் தன் பேர் வரவேண்டும் என்பது அவனுக்கு எத்தனை ஆசை என்று எல்லாருக்கும் தெரியும். டை அதற்காகத்தான்.

முடிவு செய்கிற கமிட்டிக்குத் தலைவர் பிக்கெட். பள்ளி நாளில் டீமுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தவர். ஆகவே ஃபுட்பாலில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"லமாண்ட், அந்தக் கதையை நீயே சொல்லுப்பா!" என்று பக்கத்து மேஜைக்குக் குரல் கொடுத்தார்.

லமாண்டுக்குச் சொல்லவா வேண்டும்! அக்காவோடு இந்த ஊருக்கு வந்து சில வருடம்தான் ஆகிறது. ஆள் கொஞ்சம் மந்தம். காலையில் என்ன சாப்பிட்டான் என்பது மறந்துபோகும். இது மட்டும் மறக்காது.

"சீசனுக்கு முன்னாடி ஒரு பயிற்சி ஆட்டம். டிவில கூட வரல. நான் எதிர் டீம்ல புதுசு. பந்தை வாங்கிட்டு ஓடறேன், குறுக்க இந்தத் தடியன்! ஒரே முட்டு. மல்லாந்துட்டான். மேல ஏறிப் போய், கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன்! இல்லடா வெர்னெல்?"

"ஆமாடா. பான்கேக் மாதிரி தட்டையாயிட்டேன்."

வாராவாரம் அவனே இப்படி ஒத்துக்கொள்வான். அதிலிருந்து ஊரில் அவன் பேரே பான்கேக். அவன் வந்து உட்கார்ந்தால், "பான்கேக் வந்தாச்சு, மேல ஊத்த சிரப் எடுத்துட்டு வா!" என்று பரிமாறுகிற பெண்கூடக் கத்துவாள். அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் எங்களுடையது.

பிக்கெட் குரலைக் கனமாக்கிக்கொண்டார். "இன்னிக்கு வேடிக்கைப் பேச்சு இல்ல வெர்னெல். கமிட்டி கேக்குது. அது நிஜமா, பொய்யா? பொய்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே உன் பேரை முடிவு பண்ணிடறேன்."

வெர்னெல் லமாண்டைப் பார்த்தான். கடித்த பிஸ்கட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு லமாண்ட் அவனைப் பார்த்தான்.

"நிஜம்தான்," என்றான் வெர்னெல்.

"அப்போ வேற வழியில்ல. ஸ்கோர்போர்டு வாங்கிக் கொடுத்தவர் பேரைப் போட்டுடலாம்."

வாங்கிக் கொடுத்தவர் பிக்கெட். கமிட்டி மனம் நிறைந்து கைதட்டியது.

வெர்னெல் டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டான். லமாண்டின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனான்.

"ஒன்பது வருஷம் சம்பளம் வாங்கினவன். வெக்கமாவது இருக்கா பாரு!" என்றார் பிக்கெட்.

கொஞ்ச நேரத்தில் லமாண்டை அழைத்துப்போக அக்கா ரோசெட்டா வந்தாள்.

"வாம்மா ரோசெட்டா! உன் தம்பி இன்னிக்கும் அந்தத் தடியனைச் சாய்ச்சுட்டான். சுவத்துல அவன் பேரு கிடையாது!"

ரோசெட்டாவின் முகம் மாறியது. "நீ போய் கார்ல உக்காருப்பா," என்று தம்பியை அனுப்பினாள். கதவு சாத்தியதும் பிக்கெட் பக்கம் திரும்பினாள்.

"என் தம்பி அன்னிக்கு யாரையும் சாய்க்கல, ஐயா. வெர்னெல் மோதினதுல தலைல அடிபட்டு விழுந்தவன், அந்த மைதானத்துல அப்புறம் எழுந்துக்கவே இல்ல. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் அவன் கேட்ட முதல் கேள்வி, 'டச் டவுன் போட்டேனா?' கட்டில் பக்கத்துல உக்காந்து அழுதிட்டிருந்த வெர்னெல்தான் சொன்னாரு, 'போட்டேடா. என் மேல ஏறிப் போய்ப் போட்டே.'"