பக்கத்து வீட்டு ரம்பம்

“தம்பி சேரா, உன்னைக் கையெடுத்துக் கும்புடறேன். சாயங்காலம் மட்டும் அந்த மிஷினப் போட்டுத் தொலைக்காத. சிதம்பரத்துலேருந்து தமிழினியப் பொண்ணு பாக்க வர்றாங்க.”

“சரிங்கக்கா, போடலை” என்றான் சேரன்.

மங்கலத்துக்கு நம்பிக்கையில்லை. பக்கத்துப் போர்ஷன் சேரனுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வந்தால் மேசைமேல் இருக்கிற குட்டி ரம்ப மிஷின்தான் அவனுக்கு உலகம். பிளைவுட்டில் மயில் அறுப்பான், மான் அறுப்பான். மேசை ஆடும், பொதுச்சுவர் அதிரும், மங்கலத்துக்கு மண்டை காயும்.

மகளுக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையன் போட்டோவை அவள் ஆசையாகப் பார்த்ததை மங்கலம் கவனித்திருந்தாள். இதுவும் போனால் பெண் தாங்கமாட்டாள்.

கரண்ட் கட்டைத் தினமும் சபிக்கிறவள், இன்றைக்கு மட்டும் கரண்டே வரக்கூடாது என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டாள்.

வந்தவர்கள் உட்கார்ந்ததுமே ஃபேன் சுற்றியது.

மாப்பிள்ளையின் அம்மா கூடத்தை ஒருதரம் நோட்டம் விட்டாள். “வீடு ரொம்பச் சின்னதா இருக்கே.”

மங்கலம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். காப்பி எடுக்கிற சாக்கில் புருஷன் சின்னையனையும் இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். நடுவில் வெறும் ஸ்கிரீன் துணிதான்.

“பாத்தீங்களா அந்தம்மா வாய?” என்று ஆரம்பித்துப் பொரிந்து தள்ளினாள்.

கர்ர்ர்ரென்று சுவர் அதிர்ந்தது.

“போட்டுட்டான் பாருங்க பாவி. அடுத்தவன் வூட்டுல நல்லது நடந்தா பொறுக்காதே இவனுக்கு.”

சின்னையன் அவளைச் சமாதானப்படுத்திக் கூடத்துக்குக் கூட்டிவந்த பிறகுதான் சத்தம் நின்றது.

ஏதோ சாமி புண்ணியம். பெண்ணைப் பிடித்திருக்கிறது, தேதி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டே போனார்கள். மங்கலத்துக்குத்தான் ஆறவில்லை. கார் தெருமுனை திரும்புவதற்குள் சேரன் வீட்டுக்குள் நின்றாள்.

“ஏண்டா, நீயெல்லாம் மனுசனா? வாக்குக் குடுத்துட்டு இப்படியா கழுத்தறுப்ப? அவுங்க நல்லவங்களா இருக்கப்போயி பொறுத்துக்கிட்டாங்க. இல்லன்னா எம்பொண்ணு கதி?”

சேரன் மிஷினைக் காட்டினான். அதில் பிளேடே இல்லை. அறுக்கப் பலகையும் இல்லை.

“கை சும்மா இருக்காதுன்னு பிளேடக் கழட்டித்தான் வெச்சிருந்தேங்கக்கா” என்றவன் கொஞ்சம் தயங்கினான். “ஆனா சம்பந்தியம்மாவ நீங்க ‘அரண்மனையில பொறந்த மூஞ்சியப் பாரு’ன்னு திட்டுனது செவுத்தைத் தாண்டி எனக்கே கணீர்னு கேட்டுச்சு. ஸ்கிரீனுக்கு அந்தப்பக்கம் அவுங்களுக்குக் கேட்டுடப் போவுதேன்னு பதறிப்போய்தான் சுவிட்சப் போட்டேன்.”