சுளைக்கு ஒரு கொட்டை

"எத்தனை சுளை தின்னீங்க? பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது, சாமி."

மேசைக்கு அந்தப் பக்கம் அத்தாயி. இந்தப் பக்கம் முக்காலியில் பூபதி, கன்னக்கோலோடு பிடிபட்ட கள்ளனைப் போல முழித்துக்கொண்டு. மலைமேல் வளப்பூர் நாட்டு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் சர்க்கரைக்காரர்கள் கூட்டம். எமதர்மன் சபையில்கூட இத்தனை கெடுபிடி கிடையாது.

"ரெண்டேதானுங்க." பூபதி இரண்டு பலாக்கொட்டைகளை மேசைமேல் வைத்தார்.

கொட்டைக் கணக்கு அத்தாயியின் கண்டுபிடிப்பு. உங்கள் நோய்க்கு நீங்களே திட்டம் போடுங்கள் என்று போன வருடம் டாக்டர் வாயை விட்டுவிட்டார். அவ்வளவுதான். பழைய சீட்டில் இருந்த ஓட்ஸ் கஞ்சியும் காலை நடைப்பயிற்சியும் அன்றே மலையை விட்டு உருண்டன. பஸ்ஸைப் பிடிக்கவே மூன்று மைல் நடக்கிறவர்கள், அதற்கும் முன்னால் எதற்கு நடப்பது? கஞ்சிக்குப் பதில் சாமைச் சோறு வந்தது. சோளக்காட்டு முதல் பஸ் ஹாரன் அடித்தால் மாத்திரை. பலாவுக்கு வாரம் இரண்டு சுளை, சாட்சிக்குக் கொட்டை. மூன்று வாரம் விடாமல் சர்க்கரை ஏறினால் ஊசி.

அந்த 2003 ஆனியில் பலா காய்த்த காய்ப்புக்கு, பஸ்ஸில் மனிதர்களுக்கு இடமில்லை. பழங்கள்தான் உட்கார்ந்து போயின. இரண்டு சுளையோடு எவர் எழுந்திருப்பார்?

கூட்டத்தில் இருந்த சென்றாயன் துண்டை அவிழ்த்து மேசைமேல் உதறினார். கடகடவென்று கொட்டைகள் உருண்டன.

"இவரு ஊட்டுக்குப் பொறத்தால பொறுக்குனதுங்க. பதினேழு."

"அணில் கொண்டாந்து போட்டிருக்கும்" என்றார் பூபதி.

"அப்ப அந்த அணிலையும் அடுத்த வாரம் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரை ஓடுகள் இடம் மாறின. அத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. இன்றைக்குப் பூபதியின் சர்க்கரை இருநூற்றெண்பது, இது மூன்றாவது வாரம், ஆகவே ஊசிதான் என்றார்.

பூபதிக்குக் குப்பென்று வியர்த்தது. "வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்கம்மா. ஊசி மட்டும் வேண்டாங்க."

"எறும்பு கடிச்சாப்பலதான் இருக்கும், கண்ணு."

"அது பொய்யுங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

அத்தாயி கொஞ்சம் இளகினார். "அப்பச் சரி. உங்க திட்டத்த நீங்களே சொல்லுங்க. எல்லாருக்கும் இங்க அதுதான் முறை."

பூபதி மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். இனி எடப்புளி நாட்டுக்கு வேலையாகப் போனால் வண்டி ஏறாமல் நடந்தே போவதாகவும், சுளையை ஒளித்துத் தின்னாமல் சென்றாயன் வீட்டு வாசலில், அவர் கண்ணெதிரே தின்பதாகவும் சொன்னார். காவலுக்கு இருக்கிறவருக்கு எத்தனை சுளை என்று சென்றாயன் கேட்டதற்கு, அதே இரண்டுதான் என்று அத்தாயி அடக்கிவிட்டு, நோட்டில் எழுதச் சொல்லித் தன் கட்டைவிரலை அழுத்தினார். ஒரு மாதம் கெடு.

பூபதி போன உயிரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அத்தாயியும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உங்க எடத்துக்கு வாங்க, சாமி. இப்ப எம்முறை."

பூபதி நாற்காலியில் உட்கார்ந்து, ஆணியில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஊசியில் மருந்தை ஏற்றி, அத்தாயியின் கையைப் பிடித்தார்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் டாக்டர். "எறும்பு கடிச்சாப்பலதான் இருக்கும்."