வெள்ளிக்கிழமை வகுப்பு

அவள் செத்த பாம்பைப் புரட்டிப் போட்டாள்.

விரலால்தான். குச்சி தேடவில்லை.

விடிந்து அரை மணிகூட ஆகவில்லை. படுக்கையில் கிடந்ததை அவள் புருஷன்தான் விளக்குமாற்றுக் கட்டையால் அடித்திருந்தான். முழங்கையில் சுருக்கென்றதாம். எறும்பு கடித்த மாதிரி. இப்போது வலிகூட இல்லையாம்.

“ஓட்டுல இருந்து விழுற பாம்புடீ அது. வெசம் கெடையாது,” என்றார் மாமியார். “போயி காப்பியப் போடு.”

அவள் எழவில்லை.

கறுப்பு உடம்பு. வெள்ளை வளையங்கள். ஓட்டுப் பாம்புக்கும் வளையம் உண்டு. வளையத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கல்லூரியில் விலங்கியல். இரண்டாம் வருடம், வெள்ளிக்கிழமை மதியம், செய்முறை வகுப்பு. ஃபார்மலின் ஜாடியிலிருந்து எடுத்த பாம்பை வெறுங்கையில் பிடித்துச் செதில் எண்ண வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அந்த நெடியைப் பற்றி விவரம் வேண்டாம், நீங்கள் சாப்பிடுகிற நேரமாக இருக்கும்.

மேடம் நாசமாய்ப் போகட்டும் என்று வாரந்தவறாமல் வேண்டிக்கொண்டாள். இரண்டு அரியர். கல்யாணத்துக்கு முதல் நாள் ரெக்கார்டு நோட்டை வெந்நீர் அடுப்பில் செருகினாள். நன்றாக எரிந்தது.

கை மட்டும் மறக்கவில்லை.

நடுமுதுகில் ஒரு வரிசை. மற்றதைவிடப் பெரிய செதில்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு மூலை.

“கட்டுவிரியன்ங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“யம்மா, கேட்டியா? அரியர் டாக்டரம்மா சொல்றாங்க.”

இருவரும் சிரித்தார்கள்.

ஆறு வருடமாக அந்தச் சிரிப்புத்தான். குழம்பில் உப்பு கூடினால் சிரிப்பு. வயிற்றில் பிள்ளை தங்காததற்கும் சிரிப்பு. பாவி, ஒருதரம் செருப்பை வீசிவிட்டும் சிரித்தான்.

சொல்லியாகிவிட்டது. இனி அவள்மேல் குற்றமில்லை.

அடுப்பில் பாலை வைத்தாள்.

“வயிறு என்னமோ பெசையுது. கண்ணும் சொருகுது,” அவன் குரல் கூடத்திலிருந்து வந்தது. குழறி வந்தது.

“தூக்கங்கெட்டதுதான்யா. படு,” என்றார் மாமியார்.

பால் விளிம்புக்கு ஏறியது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம். மாமியார் தெருவைக் கூட்டி அழுவார். விதி என்பார்கள். இவள் சொன்னது சரி என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவன் சிரித்தது சிரித்ததாகவே முடிந்துபோகும்.

பால் பொங்கி வழிந்தது.

அடுப்பை அணைத்தாள். பாம்பை மஞ்சப்பையில் போட்டாள். ஸ்கூட்டியைக் கிளப்பி வாசலில் நிறுத்திவிட்டு வந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“ஏறு.”

எதிர்த்துப் பேச அவன் நாக்கு எழவில்லை. ஏறினான். துண்டால் அவனைத் தன் இடுப்போடு இறுக்கிக் கட்டினாள்.

“எம் புள்ளைய எங்கடி இழுத்துட்டுப் போற?”

அரசு ஆஸ்பத்திரிக்குப் பதினோரு கிலோமீட்டர்.

ரயில்வே கேட் தாண்டும்போது அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. டீக்கடையில் நின்றவர்கள் வாய் பார்த்தார்கள். என்ன அன்னியோன்னியம் என்று நினைத்திருப்பார்கள்.

அவளுக்குத் தெரியும். கழுத்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

பிடரியில் அவன் மூச்சு பட்டது. வெகு நேரம் கழித்து இன்னொன்று.

“பொழச்சுத் தொல,” என்று பல்லைக் கடித்தபடி ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள்.